ஓட்ஸ் பிரெட்: தண்ணீர்க் கணக்கில் நடக்கும் சொதப்பல்கள்

ஓட்ஸ் பிரெட் உப்பவே இல்லை, உள்ளே சதசதவென்று இருக்கிறது, மறுநாளே உதிர்கிறது என்று புலம்புகிறவர்கள் முதலில் ஈஸ்ட்டைத் திட்டுவார்கள், அடுத்து ஓடிஜி என்கிற சின்ன மின்சார அவனை. அவற்றுக்கும் பங்கு உண்டுதான். ஆனால் மைதா பிரெட்டை அழகாகச் செய்கிற கையே ஓட்ஸ் சேர்த்ததும் தடுமாறுகிறது என்றால், சந்தேகப்பட வேண்டியது தண்ணீரை. ஓட்ஸ் தன் எடையைப் போல இரண்டு மடங்குக்கு மேல் தண்ணீர் குடிக்கும், அதுவும் உடனே குடிக்காது, நிதானமாகக் குடிக்கும்.

அதனால்தான் காய்ந்த ஓட்ஸை அப்படியே மாவில் கொட்டிப் பிசைவது முதல் தவறு. பிசையும்போது பதம் பிரமாதமாக இருக்கும். ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால், மாவுக்குப் போக வேண்டிய ஈரத்தையெல்லாம் ஓட்ஸ் இழுத்துக்கொண்டிருக்கும், மாவு இறுகிக் கிடக்கும், எங்கே உப்புவது? முதலில் ஓட்ஸை ஊற வைத்துவிடுங்கள். ஒரு கணக்குக்கு, 400 கிராம் மாவு, 80 கிராம் ஓட்ஸ், ஓட்ஸில் ஊற்றக் கொதிக்கிற தண்ணீர் 200 மில்லி, அப்புறம் பிசையும்போது பால் ஒரு 100 மில்லி. கோதுமை மாவு கலந்தால் இன்னும் கொஞ்சம் கூடும், சக்கியில் அரைத்த மாவு மைதாவைவிட அதிகம் தண்ணீர் கேட்கும்.

இப்படி ஊறிய ஓட்ஸ் மேலே தொட்டால் ஆறியதுபோல் இருக்கும், நடுவில் சுடும். அவசரப்பட்டு அதன் தலையில் ஈஸ்ட்டைப் போடுகிறவர்கள் நிறைய. 55, 60 டிகிரியில் ஈஸ்ட் செத்துப்போகும், அதற்கப்புறம் ராத்திரி முழுக்கக் காத்திருந்தாலும் ஒன்றும் நடக்காது. ஊறியதை ஒரு தட்டில் பரப்பி, நடுவில் விரலை விட்டுப் பார்த்து, வெதுவெதுப்புக்கும் கீழே வந்த பிறகு மாவில் சேருங்கள்.

அடுத்தது, என் கணக்கில் எல்லாவற்றிலும் பெரிய தவறு: மாவு கையில் ஒட்டுகிறது என்று பிடி பிடியாக மைதாவைத் தூவுவது. ஓட்ஸ் கலந்த மாவு ஒட்டத்தான் செய்யும். ஓட்ஸில் உள்ள பீட்டா குளுக்கன் என்கிற நார்ச்சத்து தண்ணீரில் கரைந்து கொழகொழப்பாகிறது, அந்தப் பிசுபிசுப்பு மாவு தளர்ந்துவிட்டதற்கு அடையாளம் இல்லை. எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து, மூடி வைத்து, இருபது முப்பது நிமிடம் போய் வேறு வேலையைப் பாருங்கள். திரும்பி வந்து கையில் எண்ணெய் தொட்டுக்கொண்டு, மாவின் ஓரத்தை இழுத்து நடுவில் மடித்து, பாத்திரத்தைத் திருப்பித் திருப்பி அதையே செய்தால், முதலில் பிய்ந்து பிய்ந்து வந்த மாவு பத்து நிமிடத்தில் இழுத்தால் நீள ஆரம்பிக்கும். வெண்ணெயை அந்தக் கட்டத்தில் சேர்த்தால் போதும். ஒரு துண்டை எடுத்து விரல்களால் விரித்துப் பார்க்கலாம், ஆனால் ஓட்ஸ் துணுக்குகள் குத்துவதால் வெறும் மைதா போல மெல்லிய சவ்வாக வராது, அதை எதிர்பார்த்துப் பிசைந்துகொண்டே இருக்க வேண்டாம்.

எந்த ஓட்ஸ் என்பதிலும் குழப்பம் இருக்கிறது. தட்டையாக, முழுசாக இருக்கும் ரோல்டு ஓட்ஸ்தான் இதற்கு நல்லது. இன்ஸ்டன்ட் ஓட்ஸ் சுடுதண்ணீர் பட்டதும் கூழாகிவிடும், ஸ்டீல் கட் ஓட்ஸை வேக வைக்காமல் போட்டால் பல்லில் கடிபடும். மசாலா ஓட்ஸ் பாக்கெட்டைப் பிரித்துக் கொட்டலாமா என்று கேட்கிறவர்களும் உண்டு. வேண்டாம், அதில் இருக்கும் உப்பு உங்கள் கணக்கில் இல்லை. (உப்பு 400 கிராம் மாவுக்கு 8 கிராம், அதை மறந்தால் ருசியும் இருக்காது, மாவும் கட்டுக்கடங்காமல் பொங்கும்.)

சத்து என்று சொல்லி ஓட்ஸைப் பாதிக்குப் பாதி போடுவது இன்னொன்று. ஓட்ஸில் கோதுமையின் குளூட்டன் போலப் பின்னல் போடுகிற புரதம் இல்லை, மிக்ஸியில் பொடித்துப் போட்டாலும் அந்தக் குணம் வந்துவிடாது. மாவின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு, அதிகம் போனால் கால் பங்கு. மிச்சம் மைதாதான் தூக்கிப் பிடிக்க வேண்டும், புரதம் 12 சதவீதம் இருக்கிற பிரெட் மாவு கிடைத்தால் இன்னும் நல்லது. ஆக, இதைச் சுகர்காரர்கள் கவலையில்லாமல் சாப்பிடலாம் என்று சொல்லிக் கொடுக்காதீர்கள், பாதிக்கு மேல் மைதாதான்.

இனிப்புக்கு அமெரிக்காவின் நியூ இங்கிலாந்து பக்கம் மொலாசஸ் என்கிற கறுப்புச் சர்க்கரைப் பாகை ஊற்றுவார்கள். நமக்கு வெல்லம் அதைவிட வசதி. 30 கிராமை அந்தக் கொதிக்கிற தண்ணீரிலேயே கரைத்து, வடிகட்டி, ஓட்ஸில் ஊற்றுங்கள். வடிகட்டாவிட்டால் மண் வாயில் நறநறக்கும்.

அப்புறம் வெயில். குளிர் நாட்டுக் குறிப்பில் 'ஒன்றரை மணி நேரம் பொங்க விடவும்' என்று இருக்கும், அது 22, 23 டிகிரி அடுப்படிக்கு எழுதியது. சென்னை மே மாதத்தில் முக்கால் மணி நேரத்திலேயே இரண்டு மடங்காகிவிடும். கடிகாரத்தைப் பார்க்காமல் மாவைப் பாருங்கள், பாலை ஃப்ரிட்ஜிலிருந்து ஜில்லென்று எடுத்து ஊற்றுங்கள், இன்ஸ்டன்ட் ஈஸ்ட்டையும் 3, 4 கிராமோடு நிறுத்துங்கள். டின்னில் இரண்டாவது தடவை உப்பும்போது விரலால் லேசாக அழுத்திப் பார்க்கலாம். குழி சட்டென்று நிமிர்ந்தால் இன்னும் நேரம் இருக்கிறது, மெதுவாகப் பாதி நிரம்பினால் ஓடிஜிக்குள் போகலாம், அப்படியே நின்றுவிட்டால் அளவு தாண்டிவிட்டது. தாண்டியதைச் சுட்டால் நடுவில் அமுங்கும், அதனால் பேசாமல் காற்றை வெளியேற்றி, மறுபடி உருட்டி, இன்னொரு தடவை உப்ப விடுங்கள்.

ஓடிஜியைக் குறைந்தது பதினைந்து நிமிடம் முன்னதாகவே 190 டிகிரியில் சூடேற்றுங்கள், மேல் கீழ் இரண்டு கம்பியும் எரிய வேண்டும். வெல்லம் இருப்பதால் மேல்பாகம் சீக்கிரம் சிவக்கும், நிறத்தைப் பார்த்து வெளியே எடுத்துவிடுகிறார்கள், உள்ளே மாவாகவே இருக்கும். இருபத்தைந்து நிமிடத்தில் மேலே ஃபாயில் போட்டு மூடி, மொத்தம் நாற்பது நிமிடம் போல விடுங்கள். கேக்குக்குக் குத்திப் பார்க்கிற குச்சி இதற்கு உதவாது. தெர்மாமீட்டர் இருந்தால் நடுவில் 93 டிகிரிக்கு மேல் காட்ட வேண்டும். வெந்ததும் டின்னிலிருந்து எடுத்துக் கம்பித் தட்டில் வையுங்கள், டின்னுக்குள்ளேயே விட்டால் அடிப்பாகம் நமுத்துவிடும்.

வாசனைக்கு மயங்கிச் சூட்டிலேயே வெட்டாதீர்கள். உள்ளே ஸ்டார்ச் இன்னும் இறுகியிருக்காது, கத்தியில் களியாக அப்பும், வேகவில்லை என்று தப்பாகவும் நினைப்பீர்கள். இரண்டு மணி நேரம் ஆறட்டும். மிச்சத்தை ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வைக்காதீர்கள், அந்தக் குளிரில்தான் பிரெட் வேகமாகக் காய்ந்து போகும். இரண்டு நாளைக்கு வெளியே வைத்துக்கொண்டு, மீதியைத் துண்டு போட்டு ஃப்ரீஸரில் வைத்தால், எடுத்து அப்படியே டோஸ்டரில் போடலாம்.