கோத்தகிரி மழையில் அறுந்துகொண்டே இருந்த பதிவிறக்கம்

கோத்தகிரியில் வடகிழக்குப் பருவமழை பிடித்துவிட்டால் எங்கள் வீட்டு இணைய இணைப்பு அடிக்கடி அறுந்துபோகும். அப்படியொரு வாரத்தில்தான், இடையில் உள்ள வாயில் கணினி ஒன்றின் வழியாக மட்டுமே எட்டக்கூடிய சர்வரிலிருந்து 38 ஜிபி அளவுள்ள காப்புக் கோப்பை நான் இறக்க வேண்டியிருந்தது.

முதலில், வேறொரு கணினியிலிருந்து கோப்பை நகலெடுக்கும் எஸ்சிபி (scp) கட்டளையைப் பயன்படுத்தினேன். விட்ட இடத்திலிருந்து தொடரும் வசதி அதற்கு இல்லாததால், பாதிக்கு மேல் வந்த கோப்பை மீண்டும் முதலிலிருந்தே இறக்க நேர்ந்தது. அதைவிட எரிச்சலூட்டியது, இணைப்பு செத்த பிறகும் கட்டளை பிழை எதுவும் காட்டாமல் விடியும்வரை உறைந்து நின்றதுதான்.

தீர்வு, எஸ்சிபி தன் இணைப்புக்குப் பயன்படுத்தும் பாதுகாப்பான தொலை இணைப்பு நிரலான எஸ்எஸ்எச்சின் (SSH) அமைப்புக் கோப்பில் இருந்தது. வாயில் கணினியைக் கடக்க 'புராக்ஸிஜம்ப்' (ProxyJump) வரியையும், இரு கணினிகளுக்கும் பொதுவாக 'சர்வர்அலைவ்இன்டர்வல்' (ServerAliveInterval) 15 என்ற வரியையும் சேர்த்தேன். இதன்படி மறுமுனையிலிருந்து எதுவும் வராத ஒவ்வொரு 15 விநாடிக்கும் எஸ்எஸ்எச் ஒரு விசாரிப்பை அனுப்பி, மூன்றுக்கும் பதில் இல்லையெனில் ஏறத்தாழ 45 விநாடிகளில் தானே இணைப்பைத் துண்டித்துவிடும்.

பிறகு எஸ்சிபியைக் கைவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடரக்கூடிய நகலெடுப்பு நிரலான ஆர்சிங்க்கை (rsync), அரைகுறையாக வந்த பகுதியைப் பாதுகாக்கும் 'பார்ஷியல்' (--partial) விருப்பத்துடன் ஓட்டினேன். அது தோற்றால் 30 விநாடி பொறுத்து மீண்டும் முயலும்படி ஒரு சிறு ஷெல் சுழலுக்குள் (கட்டளையைத் திரும்பத் திரும்ப ஓட்டும் சிறு நிரல்) வைத்தேன். ஒவ்வொரு முறையும் கடவுச்சொல் கேட்டால் சுழல் அங்கேயே நின்றுவிடும் என்பதால், என் அடையாளத்தை நிரூபிக்கும் சாவிக் கோப்பை, அதை நினைவில் வைத்துத் தேவைப்படும்போது தானே பயன்படுத்தும் எஸ்எஸ்எச் ஏஜென்ட்டில் முன்கூட்டியே ஏற்றியிருந்தேன். கோப்பு ஏற்கெனவே சுருக்கப்பட்டிருந்ததால் சுருக்க விருப்பத்தைச் சேர்க்கவில்லை.

மறுநாள் மாலை கோப்பு முழுமையாக வந்திருந்தது; இருபுறமும் எடுத்த ஷா-256 கூட்டெண்கள் (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் சரிபார்ப்பு எண்கள்) ஒத்துப்போயின.