நிறம் சேராத ஸ்நேர்

களியக்காவிளையில் எங்கள் சபைப் பாடகர் குழுவுக்கு டிரம்ஸ் வாசிக்கிறேன். செட்டோடு வந்த மர ஸ்நேர் (அடியில் கம்பிகள் கட்டிய டிரம்) கூட்டுப்பாட்டில் அமுங்கிப்போகும். பாறசாலையில் ஒருவரிடம் 14 அங்குல ஸ்டீல் ஸ்நேர் வாங்கினேன். “நிறமே சேரலியே மக்கா” என்றார் அண்ணன். நிறம் கிடக்கட்டும்! லெட் செப்பலின் ராக் குழுவின் டிரம்மர் ஜான் பான்ஹாமே மேப்பிள் மர செட்டுக்கு லுட்விக் கம்பெனியின் அலுமினிய ஸ்நேரைத்தான் வைத்திருந்தார்.

தொல்லை வேறு பக்கம் இருந்தது. சின்ன டாமை (செட்டில் உள்ள கம்பியில்லாத டிரம்) அடித்தால் ஸ்நேர் கம்பிகளும் சேர்ந்து இரைந்தன. இரண்டும் ஏறக்குறைய ஒரே சுருதியில் நின்றதுதான் காரணம். டாமைக் கொஞ்சம் இறக்கி, ஸ்நேரின் கீழ்ப்பக்கத் தோலை முறுக்கினேன். இரைச்சல் முக்கால்வாசி போனது. அப்புறம் கம்பியை ரொம்ப இறுக்கிப் பார்த்தேன், அடிக்கும் சத்தமே செத்துப்போனது. அதை மட்டும் செய்யாதீர்கள்.