மேகம் மூடிய இரவில் துருவ ஒளி: தேடிச் செல்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வட துருவ ஒளி, அதாவது வடகோடி நாடுகளின் இரவு வானில் ஆடும் வண்ண ஒளி (அரோரா), தோன்றுவது பெரும்பாலும் தரைக்கு 100 கிலோமீட்டருக்கும் மேலே. மேகங்களோ பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டருக்குள் அடங்கிவிடுகின்றன. ஆகவே வானம் மூடிய இரவிலும் மேலே ஒளி ஆடிக்கொண்டிருக்கலாம். நடுவில் ஒரு திரை விழுந்திருக்கிறது, அவ்வளவுதான். அந்தத் திரையில் கிழிசல் எங்கே இருக்கிறது என்று தேடுவதே அன்றைய வேலை. இதை மறப்பதிலிருந்துதான் பல தவறுகள் பிறக்கின்றன.

முதலாவது, கேபி (Kp) எண்ணையே நம்பியிருப்பது. பூமியின் காந்தப்புலம் மூன்று மணி நேரத்தில் எவ்வளவு கலைந்தது என்பதை உலக அளவில் 0 முதல் 9 வரை சொல்லும் எண் அது. கலக்கம் கூடினால் துருவ ஒளியும் வலுக்கும் என்பதால், எண் 2 என்றால் போர்த்திப் படுத்துவிடுகிறார்கள். 6 என்றால் கனத்த மேகத்தின் அடியில் விடிய விடிய நிற்கிறார்கள். நார்வேயின் டிராம்சோ போன்ற ஊர்கள் துருவ ஒளி வளையத்தின், அதாவது துருவத்தைச் சுற்றி ஒளி அடிக்கடி தோன்றும் பட்டையின், கீழேயே இருக்கின்றன. வானம் மட்டும் திறந்திருந்தால் அங்கே 1 அல்லது 2 கூடப் போதும். மேகத்தைத் துளைத்துக் காட்டும் எண் எதுவும் இல்லை.

வானிலை அறிக்கையில் '80 சதவீதம் மேகம்' என்று பார்த்ததுமே பயணத்தைக் கைவிடுவதும் அவசர முடிவு. எந்த உயரத்து மேகம் என்று பாருங்கள். உயரத்தில் மெல்லிய இழையாகப் பரவும் மேகத்தின் ஊடே நல்ல ஒளி தெரியும்; தாழ்வான மேகம் எதையும் விடாது. செயற்கைக்கோளின் அகச்சிவப்புப் படத்திலும் ஒரு சிக்கல் உண்டு. தாழ்வான மேகத்தின் வெப்பநிலை தரையை ஒத்திருப்பதால், மூடிய இடமும் திறந்த இடம்போலவே தோன்றிவிடும். மணிக்கு மணி மாறும் மேக வரைபடத்தையும் சேர்த்துப் பார்ப்பதே நல்லது.

எனக்கு மிகவும் வருத்தம் தருவது, திசை தெரியாமல் வண்டியை ஓட்டுவது. கடலிலிருந்து வரும் ஈரக்காற்று மலையில் ஏறும்போது மேகமாகி ஈரத்தைக் கொட்டிவிட்டு, மறுபுறம் வறண்டு இறங்குகிறது. மேற்குக் காற்று வீசும் இரவில் டிராம்சோ மூடியிருந்தாலும், ஈ8 சாலையில் உள்நாட்டுப் பக்கம் ஷிபோட்ன் வழியாகப் பின்லாந்து எல்லைவரை போனால் நட்சத்திரங்கள் தெரியக்கூடும். சுவீடனின் அபிஸ்கோ தெளிந்த வானத்துக்குப் பெயர் பெற்றதும் இந்த மழை மறைவால்தான். காற்று கிழக்கிலிருந்து வீசினால் கணக்கு தலைகீழாகலாம், கடற்கரையே திறந்திருக்கும். ஆகவே புறப்படும் முன் காற்றின் திசையைப் பாருங்கள். உயரம் போதும் என்று மலை உச்சிக்குப் போவதும் உதவாமல் போகலாம். பல இரவுகளில் உச்சியே மேகத்துக்குள் இருக்கும்.

கிழிசலைக் கண்டபின் பத்தே நிமிடத்தில் பொறுமையிழந்து அடுத்த இடத்துக்கு ஓடாதீர்கள். ஒளி அலை அலையாக வருவது. நடுவே ஒரு மணி நேரம்கூட அடங்கியிருக்கும். கண் இருட்டுக்குப் பழகவே 20 முதல் 30 நிமிடம் ஆகும். செல்பேசித் திரையை ஒருமுறை பார்த்தாலும் அந்தப் பழக்கம் கெடும். துருவ நட்சத்திரமோ சப்தரிஷி மண்டலமோ தெரிகிறதா? அப்படியானால் அங்கேயே நில்லுங்கள்.

மங்கலான துருவ ஒளி வெறும் கண்ணுக்குச் சாம்பல் நிறப் பட்டையாகத்தான் தெரியும். அதை மேகம் என்று நினைத்துத் திரும்பியவர்கள் பலர். ஐந்து முதல் பத்து விநாடி திறப்பு நேரத்தில் ஒரு படம் எடுத்துப் பாருங்கள்: பச்சை வந்தால் அது துருவ ஒளி. மஞ்சளோ ஆரஞ்சோ வந்தால், பெரும்பாலும் ஊர் விளக்கு மேகத்தில் பட்டுத் திரும்புவது.

இன்னும் பத்து கிலோமீட்டர், இன்னும் பத்து என்று சாலை இழுத்துக்கொண்டே போகும். குளிர்காலத்தில் அது பனிக்கட்டி படிந்த சாலை. கலைமான்கள் திடீரென்று குறுக்கே வரும். எத்தனை மணிக்குத் திரும்புவது என்பதைப் புறப்படும்போதே முடிவு செய்யுங்கள். சாலையோரத்தில் நிறுத்தாமல், வண்டி நிறுத்த ஒதுக்கிய இடத்தில் நிறுத்தி, முகப்பு விளக்கை அணைத்துவிட்டு இறங்குங்கள்.