ஒரே மானிட்டர், இரண்டு கணினி: ரெசல்யூஷன் குறைந்து போனால் என்ன செய்வது?

தோட்ட ஆபீஸில் சம்பளக் கணக்குக்கு ஒரு கணினி, செம்பனை லாரி எடைக்கு இன்னொன்று. மேசையில் இடம் ஒரு மானிட்டருக்குத்தான், நடுவில் ஒரு கே.வி.எம். ஸ்விட்ச், அதாவது ஒரே மானிட்டர், கீபோர்டு, மவுஸை பொத்தான் அழுத்தி இரண்டு கணினிக்கும் மாற்றித் தரும் பெட்டி. மலேசியாவில் சுங்கை சிப்புட், பீடோர், குளுவாங் மாதிரி ஊர்களில் இப்படி வைத்திருப்பவர்களுக்குத்தான் இந்த விளக்கம். ஒரு கணினி 1920×1080-இல் பளிச்சென்று தெரியும். பொத்தானை அழுத்தி அடுத்ததற்குப் போனால் 1024×768. ஐகான்கள் பெருத்து, எழுத்து பக்கவாட்டில் இழுபட்டு நிற்கும். கிராபிக்ஸ் கார்டை மாற்ற அவசரப்படாதீர்கள். பெரும்பாலும் கார்டில் கோளாறே இருக்காது.

ஒவ்வொரு மானிட்டருக்குள்ளும் இ.டி.ஐ.டி. என்ற சிறு தகவல் தொகுப்பு இருக்கிறது. அடிப்படைப் பகுதி 128 பைட்தான். தன்னால் எந்தெந்த ரெசல்யூஷனைக் காட்ட முடியும் என்பதை மானிட்டர் அதன் மூலம்தான் கணினிக்குச் சொல்கிறது. மலிவான ஸ்விட்ச், அந்த நேரத்தில் தேர்வில் உள்ள கணினிக்கு மட்டும் இந்தத் தகவலை விடும். மற்றக் கணினி அப்போது பூட் ஆனால் எதுவும் கிடைக்காது; பாதுகாப்புக்காகச் சிறிய ரெசல்யூஷனைப் பிடித்துக்கொள்ளும்.

முதலில் விண்டோஸில், கணினியின் பாகங்களைப் பட்டியலிடும் டிவைஸ் மேனேஜரைத் திறந்து ‘மானிட்டர்ஸ்’ பகுதியைப் பாருங்கள். ‘ஜெனரிக் நான்-பி.என்.பி. மானிட்டர்’ என்றிருந்தால் தகவல் வந்து சேரவில்லை. கீழே உள்ள படிகள் உங்களுக்குத்தான். ‘டிஸ்ப்ளே அடாப்டர்ஸ்’ பகுதியில் ‘மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்’ என்றிருந்தால் விஷயம் வேறு. கிராபிக்ஸ் டிரைவர் இல்லை, அல்லது கெட்டிருக்கிறது. அதைப் போட்டுவிட்டு மறுபடி பாருங்கள்.

அடுத்து, ஸ்விட்சைக் கழற்றிவிட்டு அந்தக் கணினியை நேராக மானிட்டரில் செருகுங்கள். ரெசல்யூஷன் சரியாக வந்தால் கணினியும் மானிட்டரும் நலம். பிழை ஸ்விட்சிலோ, அதற்குப் போகும் கேபிளிலோ இருக்கிறது.

மறுபடி ஸ்விட்சில் மாட்டி, பொத்தானை அந்தக் கணினிக்குத் திருப்பி வையுங்கள். அதன் பிறகே கணினியைப் போட வேண்டும். விண்டோஸ் முழுதாக ஏறும்வரை பொத்தானில் கை வைக்கக் கூடாது. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தால், அதைத் தேர்வில் வைத்தபடியே எச்.டி.எம்.ஐ. கேபிளைக் கணினிப் பக்கம் உருவி, ஐந்து விநாடி கழித்துச் செருகுங்கள். விண்டோஸ், கன்ட்ரோல், ஷிஃப்ட், பி (B) நான்கையும் சேர்த்து அழுத்தியும் பார்க்கலாம். கிராபிக்ஸ் டிரைவர் மட்டும் புதிதாகத் தொடங்கும்.

இத்தோடு சரியாகிவிட்டது என்று நினைத்தால், சாயங்கால மழையில் மின்சாரம் போய்விட்டு வரும். இங்கேதான் பலரும் மாட்டுகிறார்கள். தானாகக் கிளம்பும்படி அமைத்திருந்தால் இரண்டு கணினியும் ஒரே சமயத்தில் பூட் ஆகும், ஆனால் ஸ்விட்ச் ஒன்றின் பக்கம்தான் இருக்கும். மற்றது மறுபடியும் 1024×768-க்கு இறங்கிவிடும். விண்டோஸ் ஏறுவதற்கு முன்பே திறக்கும் அடிப்படை அமைப்புப் பக்கமான பயாஸில், மின்சாரம் திரும்பினால் என்ன செய்வது என்று கேட்கும் அமைப்பு இருக்கிறது, ‘ஏ.சி. பவர் லாஸ்’ என்ற சொற்கள் அதில் வரும். எடைக் கணினி தானே கிளம்பட்டும். சம்பளக் கணினியை ‘பவர் ஆஃப்’ என்று வைத்துவிட்டு, பொத்தானைத் திருப்பிய பின் கையால் போடுங்கள். காசு செலவில்லாத தீர்வு இது.

வி.ஜி.ஏ. கேபிள் என்றால் முனையை வெளிச்சத்தில் பாருங்கள். அகலப் பக்கம் மேலே இருக்க, ஊசிகள் உங்களை நோக்கி இருக்கட்டும். கீழ் வரிசையில் இடமிருந்து இரண்டாவது 12-ஆம் ஊசி, கடைசி 15-ஆம் ஊசி. மானிட்டர் தகவல் இந்த இரண்டிலும்தான் போகிறது. ஒன்று உடைந்திருந்தாலும் படம் வரும், ரெசல்யூஷன் வராது. நடு வரிசையில் நான்காவது ஊசி இல்லையே என்று கேபிளை வீசிவிடாதீர்கள். அது 9-ஆம் ஊசி, பல கேபிள்களில் அப்படியேதான் வரும்.

புதிதாக ஸ்விட்ச் வாங்குவதானால் பெட்டியில் ‘இ.டி.ஐ.டி. எமுலேஷன்’ என்று இருக்கிறதா பாருங்கள். அது மானிட்டரின் தகவலை நினைவில் வைத்து, இரண்டு கணினிக்கும் எப்போதும் காட்டிக்கொண்டிருக்கும். வெளி மின்சாரம் கொடுக்க அடாப்டர் துளை உள்ளதையே நான் எடுக்கச் சொல்வேன், யு.எஸ்.பி. மின்சாரத்தை மட்டும் நம்பும் ஸ்விட்ச் இரண்டு கணினியும் அணைந்தால் தானும் அணைந்துவிடும். பழைய ஸ்விட்சையே வைத்துக்கொள்ள விரும்பினால், கணினிக்கும் ஸ்விட்சுக்கும் நடுவே செருகும் இ.டி.ஐ.டி. எமுலேட்டர் தனியாகக் கிடைக்கும். டம்மி பிளக் வாங்கிவிடாதீர்கள்: அதற்கு மறுமுனையே கிடையாது, படம் மானிட்டருக்குப் போகாது.

மென்பொருள் வைத்து ரெசல்யூஷனை வலுக்கட்டாயமாகத் திணிக்கும் வழியும் உண்டு. ஆபீஸ் கணினிக்கு அதை நான் பரிந்துரைக்கவே மாட்டேன். நாளை யாராவது பழைய 19 அங்குல மானிட்டரை மாட்டினால் ‘அவுட் ஆஃப் ரேஞ்ச்’ என்று காட்டிவிட்டு இருண்டுவிடும். காரணம் புரியாமல் திணறுவார்கள்.

பின்சேர்க்கை: மானிட்டருக்குப் பதில் டிவியை மாட்டியவர்கள், ரெசல்யூஷன் சரி, ஆனால் டாஸ்க்பார் பாதி வெட்டுப்படுகிறது என்கிறார்கள். அது ஓவர்ஸ்கேன்: டிவி படத்தைச் சற்றுப் பெரிதாக்கி ஓரங்களை வெட்டிவிடுகிறது. கணினியில் எதையும் தொடாதீர்கள். டிவி ரிமோட்டில் படத்தின் அளவை மாற்றும் பகுதிக்குப் போய் ‘ஜஸ்ட் ஸ்கேன்’ அல்லது ‘ஸ்கிரீன் ஃபிட்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். டிவிக்கு டிவி பெயர் மாறும். எச்.டி.எம்.ஐ. துளை ஒவ்வொன்றுக்கும் இந்த அமைப்பு தனித்தனியாக இருக்கலாம். கேபிளைத் துளை மாற்றிச் செருகினால் அங்கேயும் ஒருமுறை மாற்றிவிடுங்கள்.