இழைய ஒட்சிசனைப் புளோரின் பல்பகுதியத்தால் அளத்தல்: அளவுத்திருத்தக் கோட்டை அமைக்கும் முறை

வெற்றிலையும் புகையிலையும் மெல்லும் பழக்கம் இன்னும் விட்டுப்போகாத நம் யாழ்ப்பாணத்தில், வாய்ப்புற்றுக்கு அளிக்கும் கதிர்ச் சிகிச்சை சிலரிடம் முழுப் பலன் தராமைக்கு ஒரு முக்கிய காரணம், கட்டியின் உட்பகுதியில் ஒட்சிசன் குறைந்திருப்பதாகும். ஒட்சிசன் அற்ற கலங்களை அழிக்க 3 மடங்கு வரை கூடுதலான கதிர் தேவைப்படலாம். அந்தக் குறைவைப் படமாகவே அளந்து காட்டக்கூடியவை புளோரின் ஏற்றிய பல்பகுதியங்கள் (நீண்ட சங்கிலி மூலக்கூறுகள்); உடலுள் செலுத்திய அவற்றைக் காந்தப் பரிவுப் படமெடுப்பால் (MRI) காண்கிறோம். இம்முறை இன்னும் பெரும்பாலும் விலங்கு ஆய்வுகளிலேயே உள்ளது. எனினும் இதன் அடிப்படையை நம் மாணவர்கள் இப்போதே கற்றுக்கொள்ள வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

எலும்பிலும் பல்லிலும் உள்ள புளோரின் திண்ம நிலையில் இருப்பதால் அதன் சைகை உடனே அழிந்துவிடுகிறது. ஆகவே காந்தப் பரிவுப் படத்தில் தெரியும் புளோரின் முழுவதும் நாம் செலுத்தியதே. ஒட்சிசன் மூலக்கூறில் சோடிசேராத 2 இலத்திரன்கள் உள்ளமையால், அது புளோரினுக்கு அருகே கரைந்திருக்கும்போது புளோரின் கரு விரைந்து தளர்வடைகிறது, அதாவது வானலைத் துடிப்பால் குலைந்த காந்த நிலையிலிருந்து பழைய நிலைக்கு விரைந்து மீள்கிறது. தளர்வு வீதம் ஒட்சிசனின் பகுதியமுக்கத்தோடு (மொத்த அமுக்கத்தில் ஒட்சிசனின் பங்கு) நேர்கோட்டில் ஏறுகிறது.

முதலில் பொருளைத் தெரிவு செய்யுங்கள். புளோரின் அணுக்கள் ஒரேவிதமான சூழலில் அமைந்து, சைகையின் நிறமாலையில் ஒரே உச்சியைத் தருவதும், சங்கிலி நன்கு அசையக்கூடியதாக இருப்பதும் அவசியம். பேர்புளோரோபொலிஈதர் என்னும் புளோரின் பல்பகுதியத்தை நீரில் நுண்துளிகளாகக் கலந்த குழம்புகள் இதற்குப் பெயர் பெற்றவை. 7 தெசுலாக் கருவியில் ஐதரசனுக்கு 300 மெகாஹேர்ட்சு என்றால் புளோரினுக்கு 282. சைகையை வாங்கும் சுருளை அதற்கு இசைவாக்குங்கள்.

அடுத்து, அளவுத்திருத்தக் கோட்டுக்காக (தெரிந்த ஒட்சிசன் அளவுகளுக்குத் தளர்வு வீதத்தைக் காட்டும் கோடு), நைதரசனுடன் 0, 5, 10, 21 சதவீத ஒட்சிசன் கலந்த வாயுக்களை, நீராவியால் ஈரப்படுத்திய பின், 37 பாகை செல்சியசில் வைத்த மாதிரிக்குள் சமநிலை அடையும் வரை செலுத்துங்கள். ஈரப்படுத்தாவிட்டால் குழம்பின் நீர் ஆவியாகிச் செறிவு மாறிவிடும். 37 பாகையில் நீராவியின் அமுக்கம் 47 மில்லிமீற்றர் இரசம் என்பதால், அதை 760 இலிருந்து கழித்த பின்னரே சதவீதத்தால் பெருக்க வேண்டும்: 21 சதவீதம் ஏறத்தாழ 150, 5 சதவீதம் ஏறத்தாழ 36. இந்தக் கழித்தலை விட்டால் கோடு முழுவதும் சாய்வு மாறிவிடும்.

ஒவ்வொரு மாதிரிக்கும் தலைகீழாக்கி மீளவிடும் முறையில் (காந்தமாக்கத்தைத் துடிப்பால் எதிர்ப்பக்கம் திருப்பி, அது மீள்வதைப் பார்த்தல்) தளர்வு நேரத்தை அளவிடுங்கள். சைகை எதிர்ப்பக்கத்திலிருந்து சுழியத்தைக் கடக்கும் கணத்தை 0.693 ஆல் வகுத்தால் அந்நேரம் அண்ணளவாகக் கிடைக்கும். அது கணினி பொருத்திய விடையைச் சரிபார்க்க உதவும். தளர்வு நேரத்தின் தலைகீழான தளர்வு வீதத்தைப் பகுதியமுக்கத்திற்கு எதிராக வரையும்போது கிடைக்கும் படித்திறனும் வெட்டுத்துண்டும், உயர்தரப் பௌதிகவியலில் நாம் வரைந்த அதே நேர்கோட்டினுடையவைதான்.

வெப்பநிலையில் மட்டும் சமரசம் வேண்டாம். படித்திறனும் வெட்டுத்துண்டும் வெப்பநிலையோடு மாறுகின்றன. மயக்கிய எலியின் உடல் எளிதில் குளிர்ந்துவிடும். எனவே அதன் வெப்பநிலையைப் படமெடுக்கும் நேரம் முழுவதும் பதிவுசெய்து, அதே வெப்பநிலையில் வரைந்த கோட்டைக் கொண்டே கட்டியின் பகுதியமுக்கத்தைக் கணியுங்கள். 10 மில்லிமீற்றர் இரசத்துக்குக் கீழான பெறுமானங்களை ஒட்சிசன் குறைந்த பகுதியாகக் கொள்ளும் முன், விலங்குக்குத் தூய ஒட்சிசனைச் சுவாசிக்கக் கொடுத்து, அப்பகுதியின் பெறுமானம் ஏறுகிறதா என்று மீண்டும் ஒரு படம் எடுத்துப் பாருங்கள்.