ஹாட் டிஸ்க் பிழை காட்டும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொம்பியூட்டர் திருத்த வேலை பழக வருகின்ற தம்பிமாரைக் கவனித்துப் பார்க்கிறேன். நாங்கள் தொடக்கத்தில் விட்ட அதே பிழைகளைத்தான் அவர்களும் விடுகிறார்கள். பென் டிரைவைச் சட்டென்று பிடுங்காதே, பாக்கப் எடுத்து வை என்பதெல்லாம் எல்லாரும் சொல்வதுதான், அவற்றை விட்டுவிடுகிறேன். ஓரளவு வேலை தெரிந்தவர்களே விடுகின்ற பிழைகளைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன்.

பழுது எங்கே என்று பாராமல் கை வைப்பது

"ஃபைல் பழுதடைந்துள்ளது, வாசிக்க முடியவில்லை" என்று வின்டோஸ் சொன்னால் அதற்குப் பின்னால் இரண்டு வேறு வேறு காரணங்கள் இருக்கலாம். ஒன்று, எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போய், ஃபைல் சிஸ்டத்தின் (எந்த ஃபைல் டிஸ்க்கில் எங்கே இருக்கிறது என்ற கணக்கின்) பதிவுகள் ஒன்றோடொன்று பொருந்தாமல் போனது. 2022 இல் இலங்கையில் நாளுக்கு 13 மணி நேரம் வரை மின்சாரம் வெட்டினார்களே, அந்தக் காலத்தில் இப்படிக் கெட்டுப்போன டிஸ்க்குகள் நிறைய வந்தன. வின்டோஸ் வழக்கமாகப் பயன்படுத்தும் ஃபைல் சிஸ்டமான என்டிஎஃப்எஸ் தன் பதிவு மாற்றங்களை முதலில் ஒரு குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளும், அதனால் ஓரளவு தப்பிவிடும். பென் டிரைவ், மெமரி கார்டுகளில் காணப்படும் எக்ஸ்ஃபாட்டில் அந்த வசதி இல்லை. இரண்டாவது காரணம், டிஸ்க்கின் செக்டர்களையே (தரவு பதியப்படும் சிறு பகுதிகளையே) வாசிக்க முடியாமல் போவது. முன்னதற்குச் செய்கின்ற மருந்து பின்னதைக் கொன்றுவிடும்.

ஆகவே முதலில் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற மென்பொருளைத் திறந்து, டிஸ்க் தன் நிலையைத் தானே குறித்துவைக்கும் ஸ்மார்ட் பட்டியலைப் பாருங்கள். 05, சி5, சி6 ஆகிய மூன்றில் ஏதாவது ஒன்று பூச்சியத்தைத் தாண்டியிருந்தால் டிஸ்க்கைச் சந்தேகியுங்கள். சி5 என்பது வாசிக்க முடியாமல் காத்துக்கிடக்கும் செக்டர்களின் எண்ணிக்கை. சி7 மட்டும் ஏறிக்கொண்டு போனால் பெரும்பாலும் பழுது டிஸ்க்கை இணைக்கும் சாட்டா கேபிளில்தான், கேபிளை மாற்றிவிட்டுப் பாருங்கள். வின்டோஸின் பிழைப் பதிவுகளைக் காட்டும் ஈவென்ட் வியூவரிலும் தடயம் இருக்கும்: ஈவென்ட் எண் 55 என்றால் ஃபைல் சிஸ்டத்தின் கட்டமைப்புக் குழம்பியிருக்கிறது, 7 என்றால் டிஸ்க்கில் கெட்ட பகுதி இருக்கிறது.

கொப்பி எடுக்காமல் செக்டிஸ்க் ஓட விடுவது

இத்தனை வருடத்துக்குப் பிறகும் எனக்குக் கோபம் வருகின்ற விஷயம் இதுதான். செக்டிஸ்க் என்பது வின்டோஸோடு வருகின்ற, டிஸ்க்கைச் சோதித்துத் திருத்தும் கட்டளை.

கொக்குவில் பக்கத்து ஸ்ரூடியோ ஒன்றிலிருந்து ஒரு டிஸ்க் வந்தது. உள்ளே கலியாண வீடுகள், சாமத்திய வீடுகள் என்று பலருடைய வீடியோக்கள். கொண்டுவந்த பெடியன் சொன்னான்: "அண்ணை, ஃபோல்டர் திறக்கேல்ல. செக்டிஸ்க்கை ஆர் போட்டு இரவு முழுக்க ஓட விட்டனான். விடியப் பாத்தா ஃபோல்டரையே காணேல்ல." ஸ்மார்ட்டைப் பார்த்தால் சி5 நூற்றுக்கணக்கில் நின்றது. ஓட விடுவதற்கு முன் யாராவது அதை ஒரு நிமிடம் பார்த்திருக்கலாம்.

அந்த இரவு நடந்தது என்ன? செக்டிஸ்க் கட்டளையோடு சேர்த்துக் கொடுக்கும் ஆர் (/r) சுவிட்ச், டிஸ்க்கின் ஒவ்வொரு பகுதியையும் வாசிக்கச் சொல்லும். தளர்ந்துபோன ஹெட் (டிஸ்க்கை வாசிக்கும் முனை) ஒரே இடத்தை மீண்டும் மீண்டும் வாசிக்க முயன்று இன்னும் தளரும். அதோடு ஆர் கொடுத்தால் பிழைகளைத் திருத்தும் எஃப் (/f) சுவிட்சும் சேர்ந்தே வேலை செய்யும், அதாவது டிஸ்க்கில் எழுதும். ஃபைல்களின் பட்டியலான எம்எஃப்டி அட்டவணையில் ஒரு பதிவை வாசிக்க முடியாவிட்டால், அந்த ஃபைலே இல்லை என்று கணக்கை முடித்துவிடும். பெயர் இழந்தவை ஃபவுண்ட்.000 என்ற ஃபோல்டருக்குள் எண்கள் மட்டும் உள்ள துண்டுகளாகப் போய்ச் சேரும். கெட்ட செக்டர் ஒரு வீடியோவின் நடுவில் இருந்தால் அந்த இடம் வெறுமையாகிவிடும். இவற்றைத் திரும்பப் பெற வழி கிடையாது.

"மைக்ரோசொஃப்ட் தந்த கருவிதானே" என்று என்னிடம் வாதாடுகிறார்கள். சரி, கருவியில் குற்றமில்லை. ஆனால் அதன் வேலை ஃபைல் சிஸ்டத்தை ஒழுங்காக்குவது, உங்கள் ஃபைல்களைக் காப்பாற்றுவது அல்ல. கணக்குக் கொப்பியில் வாசிக்க முடியாத வரிகளை வெட்டிவிட்டு, கூட்டுத்தொகை சரி என்று காட்டுகின்ற கணக்குப்பிள்ளை மாதிரி அது.

எங்கள் ஊரில் இதன் பாரம் வேறு. 1995 இல் யாழ்ப்பாணத்தை விட்டு இடம்பெயர்ந்தபோது ஆல்பங்களை விட்டுவிட்டு ஓடிய குடும்பங்கள், கனடாவிலும் லண்டனிலும் உள்ள சொந்தக்காரரிடம் மிஞ்சியிருந்த படங்களை ஒவ்வொன்றாகத் தேடி ஸ்கேன் பண்ணி ஒரே டிஸ்க்கில் போட்டு வைத்திருக்கிறார்கள். அந்த டிஸ்க் உங்கள் மேசைக்கு வரும்போது உள்ளே இருப்பது இன்னதென்று உங்களுக்குத் தெரியாது. கேட்டுப் பாருங்கள்.

செய்ய வேண்டியது இதுதான். டிஸ்க்கை நிறுத்துங்கள். அதே அளவோ அதைவிடப் பெரிதோ ஆன இன்னொரு டிஸ்க்கை எடுங்கள். லினக்ஸ் யூஎஸ்பியில் பூட் பண்ணி டிடிரெஸ்கியூ என்ற கொப்பி எடுக்கும் கருவியால் முழு டிஸ்க்கையும் கொப்பி எடுங்கள். அது நல்ல பகுதிகளை முதலில் அள்ளிக்கொண்டு, கெட்ட இடங்களுக்குப் பிறகுதான் திரும்பி வரும். கட்டளையில் மூலம் முதலில், போய்ச் சேரும் டிஸ்க் அடுத்தது. இது மாறினால் கதை முடிந்தது, ஆகவே டிஸ்க்கின் அளவையும் சீரியல் எண்ணையும் பார்த்துவிட்டே என்டரை அழுத்துங்கள். எதுவரை கொப்பியாகியது என்று குறித்துவைக்கும் மேப் ஃபைலை அந்த லினக்ஸ் யூஎஸ்பியின் தற்காலிக நினைவகத்தில் வைக்காமல் வேறொரு டிரைவில் வையுங்கள். இடையில் கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

அப்புறம் அந்தக் கொப்பியில் டெஸ்ட்டிஸ்க் என்ற மீட்புக் கருவி, செக்டிஸ்க் என எதை வேண்டுமானாலும் ஓட விடுங்கள். பிழையாகிப் போனால் இன்னொரு கொப்பி எடுக்கலாம். ஸ்மார்ட் சுத்தமாக இருந்து, ஃபைல்களும் வேறிடத்தில் பத்திரமாக இருந்தால் மட்டும் மூல டிஸ்க்கிலேயே எஃப் போடுவதில் பிரச்சினை இல்லை.

"ஃபோர்மட் செய்யவா?" என்று வின்டோஸ் கேட்டால்

கான்சல்.

மீட்ட ஃபைல்களை அதே டிஸ்க்கில் சேமிப்பது

வேண்டவே வேண்டாம். மீட்கின்ற மென்பொருளையும் அதில் நிறுவாதீர்கள்.

லினக்ஸில் அவசரப்படுவது

மவுண்ட் ஆகியிருக்கும் (பாவனையில் உள்ள) பார்ட்டிஷனில், செக்டிஸ்க் மாதிரியான லினக்ஸ் கருவி எஃப்எஸ்சிகேயை ஓட விடாதீர்கள், நன்றாக இருந்ததையும் அது கெடுத்துவிடும். இரண்டு இயங்குதளம் போட்டவர்களுக்கு இன்னொன்று: வின்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இயங்கினால், ஷட் டவுன் கொடுத்தாலும் அது முழுதாக மூடுவதில்லை. அதனால்தான் லினக்ஸ் அந்த டிரைவில் எழுத மறுக்கிறது. வற்புறுத்தி மவுண்ட் செய்யாமல் வின்டோஸுக்குப் போய் ரீஸ்டார்ட் கொடுத்து வாருங்கள். லினக்ஸில் உள்ள என்டிஎஃப்எஸ்ஃபிக்ஸ் என்ற கருவி ஒன்றிரண்டு அடிப்படைக் குழப்பங்களைத்தான் சரிசெய்யும், செக்டிஸ்க்குக்கு அது மாற்று இல்லை.

எஸ்எஸ்டியையும் பழைய டிஸ்க் என்று நினைப்பது

சுழலும் டிஸ்க்கில் குவிக் ஃபோர்மட் செய்தாலும் உள்ளே இருந்தது பெரும்பாலும் அப்படியே கிடக்கும். எஸ்எஸ்டியில் வின்டோஸ், இந்த இடங்கள் இனி வேண்டாம் என்று சொல்லும் டிரிம் கட்டளையை அனுப்பிவிடும், பிறகு தேடினால் பெரும்பாலும் வெறும் பூச்சியங்கள்தான். "பிறகு மீட்கலாம்" என்று வாடிக்கையாளருக்கு வாக்குக் கொடுக்காதீர்கள்.

தட்டுகின்ற சத்தம் கேட்டும் விடாமல் முயல்வது

டிக், டிக் என்று தட்டினால் அது ஃபைல் சிஸ்டப் பிரச்சினையே இல்லை. உடனே கரண்டை எடுங்கள். தட்டுக்கும் ஹெட்டுக்கும் இடையே உள்ள இடைவெளி சில நனோமீட்டர்தான். எங்கள் புழுதியில் மூடியைத் திறந்தால் சுத்தமான அறை வைத்திருப்பவர்களாலும் பிறகு ஒன்றும் செய்ய முடியாமல் போகலாம். அதே மொடல் டிஸ்க்கின் சர்க்யூட் போர்டைக் கழற்றிப் பூட்டினாலும் சரிவராது. இப்போதைய டிஸ்க்குகளில் அந்தந்த டிஸ்க்குக்குரிய அளவீடுகள் போர்டில் உள்ள ரோம் சிப்பில் இருக்கின்றன, அதையும் மாற்ற வேண்டும். உங்களால் முடியாது என்றால் வாடிக்கையாளரிடம் நேரே சொல்லி, ஒரு திருகாணியையும் தொடாமல் திருப்பிக் கொடுங்கள். கொடுக்கும்போது, வீட்டில் போய் இன்னொரு தடவை போட்டுப் பார்க்க வேண்டாம் என்றும் சொல்லிவிடுங்கள்.