டொட் மேட்ரிக்ஸ் பிரின்டரில் பெரிய எழுத்து: லினக்ஸ் கட்டளை ஒன்று போதும்

கடையில் பில் அடிக்கும் எப்சன் எல்எக்ஸ்-310, எல்கியூ-310 மாதிரி ஒரு பிரின்டர் கிடக்கிறதா? தூரத்தில் நிற்பவருக்கும் தெரிகிற விலைத்துண்டு அடிக்கத் தனி மென்பொருள் தேவையில்லை. இரட்டை அகலமும் இரட்டை உயரமும் பிரின்டருக்குள்ளேயே இருக்கின்றன. சில எண்களை அனுப்பினால் எழும்பும்.

முதலில் யுஎஸ்பி வயரைக் கொழுவி, பிரின்டரைப் போட்டு, கடதாசியை ஏற்றுங்கள். டெர்மினலைத் திறந்து இதைத் தட்டுங்கள். சொற்கள் மட்டும் ஆங்கிலச் சின்ன எழுத்தில் (printf, /dev/usb/lp0):

பிரின்ட்எஃப் '\033\100\033\127\001\033\167\001\033\063\074\015\012250/=\015\012\014\033\100' > /டெவ்/யுஎஸ்பி/எல்பி0

எண்களெல்லாம் எட்டின் அடிமானத்தில் (ஒக்டல்). 033 என்பது எஸ்கேப், அடுத்து வருவது கட்டளை என்று பிரின்டருக்குச் சொல்லும் குறி. அதன் பின் 100 வந்தால் பழைய அமைப்பெல்லாம் அழியும். 127 அகலத்தையும் 167 உயரத்தையும் இரட்டிக்கும். 001 போட்டால் தொடங்கும், 000 போட்டால் நிற்கும். 063-உம் 074-உம் வரி இடைவெளி. 074 என்பது சாதாரணக் கணக்கில் 60: 24 ஊசி எல்கியூவில் 60/180 அங்குலம், அதாவது அங்குலத்தில் மூன்றிலொன்று. 9 ஊசி எல்எக்ஸ் 216-ஆல் வகுக்கும், ஆகவே அதில் 074-க்குப் பதில் 110 (சாதாரணக் கணக்கில் 72). இதை விட்டால் வழமையான ஆறிலொரு அங்குல இடைவெளியில் வரிகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறும்.

எப்போதும் மூன்று இலக்கமாகவே எழுதுங்கள். \012250 என்பதைச் சோம்பலில் \12250 என்று போட்டால், 122 என்ற எழுத்தாக வாசிக்கப்பட்டு, 250/= இருக்கவேண்டிய இடத்தில் ஆங்கில ‘ஆர்’ எழுத்தோடு 50/= விழும். விலைத்துண்டில் இது விளையாட்டல்ல. ‘10% கழிவு’ போன்றதற்கு % குறியை இரண்டு தரம் போடவேண்டும்.

015 வரியின் தொடக்கத்துக்குத் திரும்பும், 012 அடுத்த வரிக்கு இறங்கும். 015 இல்லாமல் 012 மட்டும் அனுப்பினால் வரிகள் படிக்கட்டு மாதிரி வலப்பக்கம் இறங்கும். இந்த இரண்டும், தாளைத் தள்ளும் 014-உம் இல்லாவிட்டால் பிரின்டர் பேசாமல் இருக்கும். எழுத்து அதன் நினைவகத்தில் காத்திருக்கிறது. கடைசி 100-ஐ மறந்தால் அடுத்த பில்லும் பூதாகாரமாக வரக்கூடும்.

அனுமதி மறுக்கப்பட்டால், நிர்வாகி அதிகாரம் தரும் சூடோவை முன்னால் போட்டுப் பயனில்லை: > குறியைச் செய்வது சூடோ அல்ல, நீங்கள் தட்டுவதை வாசிக்கும் ஷெல். ‘எல்பி’ குழுவில் உங்கள் பயனர் பெயரைச் சேர்த்து, லொக்அவுட் செய்து திரும்ப வாருங்கள். எல்பி0-வே காணவில்லையென்றால் லினக்ஸின் அச்சுச் சேவையான கப்ஸ் அதைப் பிடித்து வைத்திருக்கலாம். அந்தச் சேவையை நிறுத்திவிட்டு வயரைக் கழற்றிக் கொழுவுங்கள். குறிகள் கன்னாபின்னாவென்று அச்சானால், பிரின்டர் ஐபிஎம் முறையில் இருக்கிறதா பாருங்கள், எப்சனின் கட்டளை முறையான இஎஸ்சி/பி வேண்டும்.

10 சிபிஐ (அங்குலத்துக்குப் பத்து எழுத்து) அளவில் 80 எழுத்துப் பிடிக்கும் வரியில் இப்போது 40 தான்.

தமிழ் இந்த வழியில் வராது. எழுத்துகளைக் கணினி பைட்டுகளாக வைக்கும் யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட். பிரின்டர் மூன்றையும் தனித்தனியாக வாசித்துக் குப்பையைக் கக்கும். அதற்கு ‘பாப்ஸ்’ நிரலில் நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துரு, அளவு 36, தாள் ஏ4 என்று கொடுத்து, வெளியீட்டை | குறியால் ‘எல்பி’ கட்டளைக்கு விடுங்கள். இதற்குக் கப்ஸ் ஓடவேண்டும், டிரைவரும் வேண்டும். படமாக அடிப்பதால் நேரம் பிடிக்கும், றிப்பனும் சீக்கிரம் மங்கும்.